புல் இல்லாத மைதானம்

நான் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவன். கைபேசியில், இணையம் வழியாக, முகம் தெரியாதவர்களோடு அணி சேர்ந்து முகம் தெரியாதவர்களைச் சுடுகிற விளையாட்டு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீடு திருவொற்றியூரில். அனல்மின் நிலையத்தில் கருவிப் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். இதை எழுத எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. காலையில் பூங்காவுக்கு நடக்க வரும் என் பழைய சகாக்கள் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கட்சிக்காரர்கள் கத்துவதைப் பார்க்கிறவர்கள். நான் ஓடுகிறேன், ஒளிகிறேன், குறி பார்க்கிறேன், செத்தால் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து வருகிறேன். எது மேல் என்று அவர்களோடு வாதாட நான் எப்போதும் தயார்.

நான் தலைகுனிய வேண்டிய விஷயம் வேறு. விளையாடியதற்காக அல்ல, விளையாட்டில் செய்ததற்காக.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டிலோடு கிடந்த மாதங்களில்தான் இது தொடங்கியது. அணிக்கு நான்கு பேர். ஆள் போதாவிட்டால் விளையாட்டே எங்கிருந்தாவது யாரையாவது கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரு மத்தியானம் அப்படிச் சேர்ந்த இருவர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. ஓர் ஆண், ஒரு பெண்.

"யக்கா, அந்த வூட்டாண்ட ஒர்த்தன் குந்திகினுகீறான்."

"கண்டுகினேன். நீ கம்முனு மருந்த எடு."

அப்போது எங்கள் ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து அதே கூவல் ஹெட்செட்டிலும் கேட்டது. நகரத்தின் ஏதோ ஒரு மூலையில் இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தவர்கள், அதே தண்டவாளத்தின் பக்கத்தில் இருந்தார்கள்.

"நீங்கள் எண்ணூர்ப் பக்கமா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சொன்னார்: "யாருபா இது, ரேடியோல நூஸ் வாசிக்கிற மாறி பேசுது?"

ஆண், டிரெய்லர் ஓட்டுநர். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் வண்டி. எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சில நாள் காலையில் சேர்ந்த இடத்திலேயே பொழுது சாயும். அந்தக் காத்திருப்பில்தான் அவர் விளையாடினார். பெண், காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரம் கடைகளுக்குக் கொடுப்பவர். வியாபாரம் முடிந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு விளையாட வருவார். இருவரும் என்னைவிட முப்பது வயதாவது இளையவர்கள். ஓட்டுநர் என்னை நைனா என்றார். அந்தம்மா சாரு என்றார். தப்பாகச் சுட்டால் மட்டும் கெயவா, அதாவது கிழவா.

எங்கள் அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டு எழுதினவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வரிசையில் முன்வண்டி நகர்ந்தால் ஓட்டுநர் அந்தக் கணமே நகர வேண்டும். இடைவெளி விட்டால் பக்கத்து வண்டி மூக்கை நுழைத்துவிடும். அதனால், "லைன் நவுருது" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்துவிடுவார். வண்டி உருளும்போது அதைத் தொடமாட்டார், அதில் கறார். விளையாட்டுக்குள் அவருடைய ஆள் நின்ற இடத்தில் அப்படியே நிற்கும், சுடத் தெரியாத பொம்மையாக. உடனே நாங்கள் ஓடிப்போய் அவரைச் சுற்றி நிற்போம். குண்டு வந்தால் எங்கள் மேல் படட்டும் என்று. அந்தம்மா இதற்குக் கொடை பிடிக்கிறது என்று பெயர் வைத்திருந்தார்.

"சாரு, கொடை புடி, கொடை புடி. வலது பக்கம் ஒயுகுது."

இப்படி எத்தனையோ ஆட்டங்களில் தோற்றிருக்கிறோம். ஒருவரும் முணுமுணுத்ததில்லை. விரைவுச் சாலையில் விளையாடும் மற்ற ஓட்டுநர்களும் தங்கள் அணிகளில் இதையே செய்தார்கள்.

நான் சுடுவதில் சுமார்தான். ஆனால் கருவிகளோடு வாழ்ந்தவன் என்பதால் கொஞ்ச நாளில் அவர்களுக்கு வைத்தியனாகிவிட்டேன். பேச்சு விட்டுவிட்டு வருகிறதா, திரை ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, சார்ஜ் ஏறவில்லையா, என்னிடம் கேட்பார்கள். கடற்கரைக் காற்றில் சார்ஜ் துவாரம் பச்சை பூத்துப் போவதைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யச் சொன்னேன். அந்தம்மாவின் விரல் எப்போதும் ஈரம். திரை அவர் தொட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ எடுத்துக்கொள்ளும்.

"விரலில் முகப்பவுடர் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

"மூஞ்சிக்கே போட்டதில்ல. சுடறதுக்குப் போடணுமா?"

போட்டார். அடுத்த ஆட்டத்தில் ஆறு பேரைச் சாய்த்தார். "சாரு, இனிமே மூஞ்சிக்குத் தண்ணி, கைக்குத்தான் பவுடரு" என்றார்.

ஓட்டுநரின் பிரச்சினை சூடு. வெயிலில் நிற்கும் வண்டியின் முன்னறை ஒரு கொதிகலன். கைபேசி பழையது. பத்து நிமிடத்தில் சுட ஆரம்பித்து, படம் திக்கித் திக்கி நகரும். ஈரத்துணி சுற்றிப் பார்த்தார். வண்டி பேட்டரியிலிருந்து சின்ன மின்விசிறி வைத்துப் பார்த்தார்.

"எங்கிட்ட குடு" என்றார் அந்தம்மா. "ஐஸ் பொட்டில வஞ்சரத்துக்குப் பக்கத்துல படுக்க வெக்கிறேன். சோக்கா தூங்கி எந்திரிக்கும்."

"அப்பால வெட்டி வித்துடுவ யக்கா."

"உன் போனுக்கு யாரு வெலை கேப்பா?"

இங்கேதான் நான் வருகிறேன். விளையாட்டின் படங்கள் எவ்வளவு நுணுக்கமாக வரைய வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறிய கோப்பு கைபேசிக்குள் இருக்கிறது. அதை மாற்றினால் கைபேசிக்கு வேலை குறையும், சூடு குறையும். இணையத்தில் தேடி, நானே உட்கார்ந்து, வரி வரியாகத் திருத்தினேன். நிழல் வேண்டாம். மேகம் வேண்டாம். புல் வேண்டாம்.

புல்லை நீக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதிவிடுகிறேன். அந்த விளையாட்டில் பாதிப் பேர் புல்லில் படுத்துத்தான் உயிர் பிழைக்கிறார்கள். புல் வரையப்படாத கைபேசியில் அவர்கள் வெறும் தரையில் கிடப்பார்கள். தாங்கள் மறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவனைச் சுடுவது விளையாட்டு அல்ல. நான் சூட்டைக் குறைக்கத்தான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிழலையும் மேகத்தையும் நீக்கியதே போதும் என்று எந்தப் பொறியாளனுக்கும் தெரியும். எங்கள் அணி ஜெயிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு, அது இதைவிட மோசம். அந்தக் கோப்பை நான் என் கைபேசியில் போடவில்லை. மாட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு மனதின் ஓரத்தில் இருந்ததால்தான் போடவில்லை. மின்நிலையத்தில் ஒரு பாதுகாப்புப் பூட்டைக் கையெழுத்தில்லாமல் தளர்த்திய உதவியாளரை நான் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். இங்கே நானே தளர்த்தினேன், அதுவும் அடுத்தவர் வீட்டில்.

"இதைப் போட்டால் சூடாகாது" என்று ஓட்டுநருக்கு அனுப்பினேன். எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நைனா, தரையெல்லாம் மொட்டையா கீது?" என்று கேட்டார்.

"பழைய போனில் அப்படித்தான் தெரியும்" என்றேன்.

அது பொய். அவர் நம்பினார். கைபேசி சூடாகவில்லை. அவர் நன்றாகச் சுட்டார். அதற்கு முன்பும் நன்றாகச் சுடுகிறவர்தான். ஓட்டுநர்கள் தங்களுக்குள் ஓர் அணி அமைத்து அவரைத் தலைவராக்கினார்கள். காசிமேட்டுப் படகுக்காரர்களின் அணியோடு ராயபுரத்தில் ஒரு கூடத்தில் நேருக்கு நேர் ஆட்டம் என்று முடிவாயிற்று. அந்தம்மா படகுக்காரர்கள் பக்கம். இரண்டு பேரும் எங்கள் அணியில் விளையாடிக்கொண்டே ஒருவரையொருவர் சீண்டுவார்கள்.

"அன்னிக்கு அழுதுகினு போவ. துடைக்கத் துண்டு எடுத்துகினு வா."

"நான் துண்டு போட்டுத்தான் யக்கா வண்டி ஓட்டறேன்."

ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓட்டுநரின் விளையாட்டு ஐடி முடக்கப்பட்டது. திரையில் ஒரே அறிவிப்பு. முறைகேடான கோப்பு, பத்து ஆண்டுத் தடை. அந்த அறிவிப்பைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா இது? நான் இன்னா பண்ணேன்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். "பார்க்கிறேன்" என்றேன். பார்க்க எதுவும் இல்லை.

செய்தி வரிசை முழுக்கப் பரவியது. படகுக்காரர்களின் குழுவில், புல்லுக்குள் படுத்திருந்தவனைக்கூட எப்படிச் சுட்டான் என்பது இப்போது விளங்கிவிட்டது என்று எழுதினார்கள். ஓட்டுநர்கள் அவரைத் தலைமையிலிருந்து நீக்கியதோடு நிற்கவில்லை. ஹேக் செய்கிறவன் என்ற பொருளில் ஹேக்கு என்று பெயர் வைத்தார்கள். வண்டி வரிசையில் நிற்கும்போது ஹாரன் அடித்து, "ஹேக்கு, புல்லு துன்னியா?" என்று கத்தினார்கள். டீக்கடையில் அவர் வந்தால் கைபேசிகளை மூடினார்கள். பத்து வருடமாக ஒரே வரிசையில் அவரோடு நின்றவர்கள். அந்த வரிசைதான் அவருக்கு அலுவலகம், தெரு, உறவு எல்லாம். விளையாட்டில் போன பெயர் வரிசையிலும் போய்விட்டது.

ஒரு நாள் கூப்பிட்டார். "நைனா, நீ படிச்சவரு. நீயே சொல்லு. நான் திருடனா?"

"இல்லை" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதைவிடக் கேவலம், விளையாட்டு நிறுவனத்துக்கு மேல்முறையீடு எழுதித் தருகிறேன் என்றேன். அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். இவர் நேர்மையானவர், தவறு நடந்திருக்கலாம், பரிசீலிக்கவும். தவறு செய்தவனே எழுதினான் என்பது மட்டும் அதில் இல்லை. இயந்திரம் பதில் போட்டது. தடை நீடிக்கும்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால், பயம் இல்லை. அவர்கள் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள். சாரு சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இவர்கள் கேட்டார்கள். அதை இழக்க மனம் வரவில்லை.

பூங்காவில் ஒரு சகாவிடம் பொதுவாகப் பேசுவதுபோல் சொல்லிப் பார்த்தேன். "அட, விளையாட்டுதானே. இதுக்கெல்லாமா மனசைப் போட்டு உழப்பிக்கறீங்க?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதிச் சுற்றிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதே சாக்கைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பிளான்ட்ல இப்படிப் பண்ணிருந்தா என்ன ஆகும்?"

"சஸ்பெண்ட்."

"யாரை? பண்ணவங்களையா, பக்கத்துல நின்னவங்களையா?"

கேட்டுவிட்டு அவள் அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தாள்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். ராயபுரத்தில் வளைகாப்பு, காதுகுத்து நடக்கும் சின்னக் கூடம். சுவர் முழுக்க எக்ஸ்டென்ஷன் பெட்டிகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு சார்ஜர். ஒரு பக்கம் லுங்கியும் துண்டுமாக ஓட்டுநர்கள். மறுபக்கம் படகுக்காரர்கள், நடுவில் அந்தம்மா, மடியில் பவுடர் டப்பா. அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. ஓட்டுநரையும் அன்றுதான் பார்த்தேன். உள்ளே வரவில்லை. வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். விளையாட முடியாது என்று தெரிந்தும் வந்திருந்தார். என் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டார்.

"நைனா, நீயா? இம்மா உயரமா இருப்பன்னு நெனைக்கல" என்று சிரித்தார்.

நான் உள்ளே போய், ஆட்டம் தொடங்குமுன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். சத்தம் அடங்கியது. சொன்னேன். கோப்பைத் திருத்தியது நான், அனுப்பியது நான், புல் போகும் என்று தெரிந்தே செய்தேன், அவருக்குச் சொல்லவில்லை, அவர் கேட்டபோது பொய் சொன்னேன்.

ஓட்டுநர்களில் ஒருவர் எழுந்து என் தோளில் கைவைத்தார். "நைனா, உக்காருங்க. வயசானவரு. அவனுக்காவ நீங்க பழி ஏத்துக்காதீங்க."

"நான் யாருக்காகவும் ஏற்கவில்லை. நான்தான் செய்தேன்."

"பாத்தா ரிட்டேரு எட்மாஸ்டரு மாறி கீறீங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்றார் ஒரு படகுக்காரர். கூடம் சிரித்தது.

அந்தம்மாவும் தலையாட்டினார். "சாருக்கு மனசு இளகிப் போச்சு. உட்டுடு சாரு. அவன் பண்ணத அவன் பாத்துப்பான்."

இத்தனை நாள் ஓட்டுநருக்குக் குடை பிடித்தவரும் அவரைத் திருடன் என்றுதான் நம்பியிருக்கிறார். என் தும்பைப்பூச் சட்டையும் செய்தி வாசிக்கும் தமிழும் என்னை நல்லவனாக்கிவிட்டன. லாரி ஓட்டுகிறவன் பொய் சொல்வான், பென்ஷன் வாங்குகிறவன் சொல்லமாட்டான். இதை நான் உண்டாக்கவில்லை, ஆனால் அதன் நிழலில் இரண்டு வாரம் சுகமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம்.

"இங்கே வாங்க எல்லாரும்" என்றேன். என் கைபேசியை எடுத்தேன். விளையாட்டில் ஒரு மைதானத்துக்குப் போய், இடுப்பளவு புல்லைக் காட்டினேன். வெளியே வந்து, அவர்கள் கண்முன்னே அந்தக் கோப்பைத் திறந்து, எந்த வரியில் எதை மாற்றினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மாற்றினேன். மறுபடி அதே மைதானம். புல் இல்லை. வழுக்கைத் தலை மாதிரித் தரை.

"யோவ் பெர்சு, உன் ஐடியும் பூடும்யா" என்றார் ஒருவர்.

"போகட்டும். போக வேண்டியது அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தம்மா என் கைபேசியை வாங்கி, அந்த மொட்டைத் தரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "கஸ்மாலம்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

வாசலில் நின்றவர் உள்ளே வந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"நான் கேட்டேனே நைனா. தரை மொட்டையா கீதுன்னு கேட்டேனே."

"ஆமாம்."

"திருடனான்னு கேட்டப்போ இல்லன்னுட்டு கம்முனு இருந்த. அன்னிக்கும் உனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"லைன் நவுரசொல்லோ என் ஆளை உங்கிட்டதான் உட்டுட்டுப் போனேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் அடித்திருந்தால்கூட நான் அங்கேயே நின்றிருப்பேன். அவர் அடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரை ஹேக்கு என்று கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

நான் ஆட்டத்தைப் பார்க்க நிற்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில நாளில் என் ஐடியும் முடங்கியது. அதே அறிவிப்பு, அதே பத்து ஆண்டு. தடை முடியும்போது நான் இருப்பேனா என்பதை அந்த நிறுவனம் யோசித்திருக்காது. என் மகன் ஊரிலிருந்து பேசி, "நல்லதாப் போச்சுப்பா, இதோட விட்டுடுங்க" என்றான். விடவில்லை. தப்பு செய்தவன் அந்த இடத்தை விட்டு ஓடிப்போவது நல்ல பிள்ளைத்தனம் அல்ல. மனைவியின் கைபேசியில் புதிய ஐடி தொடங்கினேன். "காய்கறிக்காரருக்குப் போன் பண்ற நேரத்துல சுடாதீங்க" என்பது மட்டும்தான் அவள் நிபந்தனை. தரப்பட்டியலின் கடைசிப் படியிலிருந்து ஆரம்பம். ஓட்டைத் துப்பாக்கியும் நானும். அந்த ஐடியை அந்தம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். பதில் வரவில்லை.

மழை தொடங்கிய ஒரு வாரத்தில் திரையில் ஓர் அழைப்பு வந்தது. தெரியாத ஐடி, அதுவும் கடைசிப் படி. ஏற்றேன். ஹெட்செட்டில் மழைத்துளி தகரத்தில் விழுகிற சத்தம், கூடவே ஹாரன்கள்.

"பெர்சு, பேசறது கேக்குதா?"

ஓட்டுநரின் குரல், ஆனால் நைனா என்ற அழைப்பு போய்விட்டிருந்தது. "கேட்கிறது" என்றேன்.

"ஒரே ஒரு விசயம். இனிமே எவன் போன்லயும் கை வெக்காத. சூடானா சூடாவட்டும்."

"சரி."

"யக்கா உன்னைய சேத்துக்காதன்னுச்சு."

"யக்கா இங்கதான் கீது. இப்பவும் அத்ததான் சொல்லுது" என்றது இன்னொரு குரல்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு வெட்டவெளி. அதற்கு அப்பால் கட்டடங்கள், எதில் எவன் இருக்கிறான் என்று தெரியவில்லை. இருவரும் ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

"பெர்சு, நீ முன்னால போ. உன்னைய சுட்டாத்தான் எவன் எங்க கீறான்னு தெரியும்."

நான் போனேன். என் வயதையும் படிப்பையும் சொல்லி அதை மறுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். இது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அன்றைக்கும் செய்தேன், அடுத்த வாரமும் செய்தேன், இப்போதும் செய்கிறேன். பாதி வெளியைத் தாண்டுவதற்குள் குண்டு பட்டு விழுந்தேன். அந்த விளையாட்டில் விழுந்தவன் உடனே சாகமாட்டான். ஊர்ந்துகொண்டிருப்பான். உயிர் வடிவதற்குள் கூட்டாளி யாராவது வந்து தூக்கிவிட்டால் பிழைக்கலாம்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"வடக்கே. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்."

"சரி, அங்கியே படுத்துகினு இரு."

வந்தார். முதலில் தொட்டியைச் சுற்றிப் போய் என்னைச் சுட்டவனை முடித்தார். பிறகு செத்தவன் விட்டுப்போன பெட்டியை நிதானமாகக் கிளறி, வேண்டியதை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்கிவிட என் பக்கம் வந்தார்.